அடிக்குரலுக்கு என்ன விலை?

● எங்கள் பேண்டு செட்டில் டிரம்பெட், கிளாரினெட், யூபோனியம், டிரம் எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் ‘அடியில் கனம் இல்லையே’ என்கிறார்கள் கல்யாண வீட்டார். மலிவாக ஒரு டியூபா வாங்கிவிடலாமா?
– பேண்டு மாஸ்டர், வேப்பூர் கூட்டு ரோடு

அட்வான்ஸ் கொடுக்கும்போது சொன்னார்களா, பாக்கி கொடுக்கும்போது சொன்னார்களா? பாக்கி கொடுக்கும்போது என்றால் குறை வாத்தியத்தில் இல்லை. மெய்யாகவே கனம் வேண்டுமென்றால், மடியில் வைத்து ஊதும் டியூபா உங்களுக்கு ஆகாது. அது சர்ச்சுக்கும் மேடைக்கும் உரியது. மாப்பிள்ளை அழைப்பில் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும் அல்லவா, உடம்பைச் சுற்றித் தோளில் உட்காரும் சூசாபோன் பாருங்கள். குழாயின் நீளமும் ஊதுகிற முறையும் ஒன்றுதான். தூக்குகிற விதம்தான் வேறு.

● நம் நாட்டில் டியூபா செய்கிறார்களா? இல்லை, கப்பலில்தான் வர வேண்டுமா?
– மங்கலம்பேட்டை வாசகர்

மீரட்டில் செய்கிறார்கள். அங்கே ஜாலி கோத்தி என்ற பகுதி முழுக்கப் பித்தளை வாத்தியம்தான். நாதிர் அலி கம்பெனி 1885இல் தொடங்கியது. மீரட் சரக்கு சில பத்தாயிரங்களில் முடிந்துவிடும். யமஹா என்றால் லட்சங்களில் பேச வேண்டும். இந்த வித்தியாசம் பளபளப்புக்கு அல்ல. யமஹாவில் பத்து ஊதினால் பத்தும் ஒரே மாதிரி இருக்கும். மலிவு சரக்கில் ஒரே கடையில், ஒரே மாடலில், பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் இரண்டுக்குள்ளேயே ஒன்று தங்கமாகவும் மற்றது தகரமாகவும் இருக்கும். ஆகவே போட்டோ பார்த்து ஆர்டர் போடாதீர்கள். ஊத விடாத கடையில் வாங்கவே வாங்காதீர்கள்.

● ‘சுருதி சுத்தம் சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க’ என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?
– சேப்பாக்கம் வாசகர்

கண்ணை மூடச் சொன்னதை மட்டும் கேளுங்கள், நல்ல யோசனை.

முதல் பத்து நிமிடம் எதையும் சோதிக்காமல் சும்மா ஊதுங்கள், பித்தளை சூடேறட்டும். பிறகு போனில் இலவச டியூனர் ஆப்பைத் திறந்து கூட வந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் திரையைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் முள் நடுவுக்கு வரும்படி உதடு தானாக வளைந்து கொடுக்கும், வாத்தியத்தின் குற்றம் மறைந்துபோகும். நீங்கள் ஊத ஊத அவர் ஒவ்வொரு சுவரத்துக்கும் எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்று துண்டுச் சீட்டில் குறிக்கட்டும்.

அப்புறம் சீட்டை வாங்கிப் பாருங்கள். எல்லாச் சுவரமும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறியிருந்தால் அது தப்பே இல்லை. பெரிய ஸ்லைடைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் சரியாகிவிடும். ஸ்லைடை முழுக்க உள்ளே தள்ளியும் எல்லாம் இறங்கியே இருந்தால் யோசியுங்கள், அதைச் சரிசெய்யக் குழாயையே வெட்ட வேண்டும். ஒன்று ஏறி, அடுத்தது இறங்கி, மேல் ஸ்தாயி ஒரு பக்கம், கீழ் ஸ்தாயி இன்னொரு பக்கம் என்று இழுத்தால் கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வாருங்கள். அது குழாய் எங்கே எவ்வளவு அகலுகிறது என்பதில் செய்த தவறு. எந்த ரிப்பேர்க்காரரும் அதில் கை வைக்க முடியாது. பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஒரு சங்கதி. வால்வு எதையும் அழுத்தாமல் ஊதினால் ச, ப, மேல் ச, அதற்கும் மேல் அந்தர காந்தாரம் என்று வரும். அந்தக் காந்தாரம் 14 சென்ட் குறைவு என்று டியூனர் முகம் சுளிக்கும் (அரைக் கட்டைக்கு 100 சென்ட் என்பது கணக்கு). அதே காந்தாரத்தைச் சுருதிப்பெட்டியோடு சேர்த்து ஊதிப் பாருங்கள், தேனாக ஒட்டும். அது இயற்கைக் காந்தாரம். டியூனர் பேசுவது கீபோர்டின் நியாயம். செட்டில் கீபோர்டு இருந்தால் உதட்டால் சற்றே ஏற்றிக்கொள்ளுங்கள். இதற்காக வாத்தியத்தைத் திட்டாதீர்கள்.

● மூன்று வால்வையும் ஒன்றாக அழுத்தினால் என் டியூபா கால் கட்டை ஏறிப் பேசுகிறது. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா?
– சர்ச் பேண்டு உறுப்பினர், விருத்தாசலம்

இல்லை. பல லட்சம் போட்டு வாங்கியிருந்தாலும் மூன்று வால்வு மட்டும் உள்ளதென்றால் இதே பேச்சுத்தான். பி ஃபிளாட், அதாவது ஆறரைக் கட்டை டியூபாவின் குழாய் சுமார் 18 அடி. வால்வை அழுத்தினால் ஒரு துண்டுக் குழாய் கூடச் சேர்ந்து சுருதி இறங்கும். ஒவ்வொரு துண்டையும் அந்த 18 அடிக்குப் பொருத்தமாகத்தான் வெட்டுகிறார்கள். ஆனால் முதல் வால்வை அழுத்தியதுமே குழாய் 20 அடியைத் தாண்டிவிடுகிறது. இப்போது மூன்றாம் வால்வின் துண்டும் அதற்கேற்ப நீள வேண்டும், அதுவோ வெட்டிய அளவிலேயே நிற்கிறது. ஒன்றும் மூன்றும் சேர்த்து அழுத்தினால் ஏறக்குறைய 5 அங்குலம் பற்றாக்குறை. மூன்றையும் அழுத்தினால் 9 அங்குலத்துக்கு மேல். அந்த 9 அங்குலம்தான் உங்கள் கால் கட்டை.

மூன்றாம் வால்வின் ஸ்லைடைச் சற்று இழுத்தே வைத்துக்கொள்ளுங்கள், பாதி தீரும். நான்காவது வால்வு இருந்தால் ஒன்று, மூன்று கூட்டணிக்குப் பதில் அதை மட்டும் அழுத்தலாம். இங்கிலாந்தின் பூசி வாத்தியக் கம்பெனியில் இருந்த டேவிட் பிளெய்க்லி, பற்றாக்குறைக் குழாய் தானாக வந்து சேர்கிற ஏற்பாட்டுக்கு 1870களிலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அதன் விலையைக் கேட்டால் நமக்குச் சுருதி இறங்கிவிடும். பட்ஜெட்டில் கொஞ்சம் இடம் இருந்தால் கூடுதல் பாலிஷுக்குக் கொடுக்காமல் நான்காவது வால்வுக்குக் கொடுங்கள்.

● நான் பீங்கான் வேலை செய்பவன். சூளையிலிருந்து எடுத்த கோப்பையைச் சுண்டினால் விரிசல் இருக்கிறதா என்று சத்தமே சொல்லிவிடும். டியூபாவுக்கு அப்படி ஒரு சுண்டல் உண்டா?
– விருத்தாசலம் வாசகர்

உண்டு, தட்டுவதற்குப் பதில் இழுக்க வேண்டும். இரண்டாம் வால்வின் குட்டி ஸ்லைடை, வால்வை அழுத்தாமல், வெடுக்கென்று உருவுங்கள். ‘டப்’ என்று தக்கை பிடுங்கிய சத்தம் வந்தால் காற்று கசியவில்லை. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் உங்கள் மூச்சில் ஒரு பங்கு வழியிலேயே போகிறது என்று அர்த்தம். மவுத்பீஸ் செருகும் குழாயில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா என்றும் பாருங்கள். அங்கே துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது, பித்தளை உள்ளிருந்து அரிபடுகிறது.

● பழைய இங்கிலாந்து டியூபா ஒன்று விலைக்கு வருகிறது. கல்லு மாதிரி இருக்கிறது. விடலாமா?
– உளுந்தூர்பேட்டை வாசகர்

கல் மாதிரி இருப்பதுதான் கவலை. 1960களின் நடுப்பகுதி வரை பிரிட்டிஷ் பித்தளை பேண்டுகள் உயர்சுருதியில் வாசித்தன. உலகம் ‘ஏ’ என்பதை 440இல் வைத்தபோது அவர்கள் 452இல் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்துச் சரக்கு என்றால் உங்கள் செட்டை விடக் கால் கட்டை தூக்கலாகவே நிற்கும். ஸ்லைடை இழுத்து இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். இறங்காவிட்டால் வரவேற்பறையில் வைக்க அழகான பொருள்.

● கத்திரி வெயிலில் எங்கள் செட் கீபோர்டோடு ஒட்டவே மாட்டேன் என்கிறது. ஏன்?
– பெண்ணாடம் வாசகர்

கீபோர்டுக்கு வியர்க்காது. காற்று சூடானால் ஒலி வேகமாக ஓடும், ஊதும் வாத்தியம் ஏறும். 20 டிகிரியில் சரியாக இருப்பது 38 டிகிரியில் ஏறக்குறைய கால் கட்டை ஏறிவிடும். ஏ.சி. கடையில் சோதித்து வாங்கிய டியூபா வேப்பூர் வெயிலில் வேறு குரலில் பேசுவது இதனால்தான். ஸ்லைடில் இழுக்க இன்னும் இடம் மீதி இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வையுங்கள்.

● நாகசுரம் பிறந்த மண்ணில் டியூபா எதற்கு?
– தவில் ரசிகர், திட்டக்குடி

தஞ்சையில் இரண்டாம் சரபோஜியின் அரண்மனையிலேயே ஐரோப்பிய பேண்டு வாசித்தது. முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரன் மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதினார், நோட்டுசுவரம் என்று இன்றும் பிள்ளைகள் பாடுகிறார்கள். அவர் மறைந்தது 1835 அக்டோபரில். அதற்கு முந்தைய மாதம்தான் பெர்லினில் வீப்ரெக்ட், மோரிட்ஸ் இருவரும் டியூபாவுக்குக் காப்புரிமை பெற்றார்கள். ஒரு மாத இடைவெளியில் தப்பியது, யாருக்கு அதிர்ஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள். நாகசுரத்தின் கீழ்த் துளைகளில் மெழுகை அடைத்துச் சுருதி சேர்க்கிறாரே வித்வான், அவரிடம் போய் இந்த ஸ்லைடு விவகாரத்தைச் சொல்லிப் பாருங்கள், உடனே புரிந்துகொள்வார்.

● எல்லாம் படித்தேன். ஆனால் போன மாதமே வாங்கித் தொலைத்துவிட்டேன், ஒரு சுவரமும் சேரவில்லை. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டலாமா?
– பெயர் வேண்டாம், வேப்பூர்

தாராளமாக. ஆனால் பிராதிலும் எதிராளியின் பெயர், விலாசம் எழுத வேண்டும். பில் வாங்கினீர்களா? வாங்கியிருந்தால் கடலூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. அதற்கு முன் வேறொருவரை விட்டு அதே டியூபாவை ஒருமுறை ஊதச் சொல்லுங்கள். அவர் வாயில் சேர்ந்துவிட்டால் பிராதை உங்கள் பேரில் நீங்களே கட்ட வேண்டியிருக்கும்.