ஆறு சென்டிமீட்டருக்கு மேல்

ஒசாகா,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். “கத்தியா வாங்கிச் சேக்கிறியாமே, அங்க உனக்கு யாரோடடா பகை?” என்று கேட்டிருக்கிறாய். பின்னால் அம்மா, “அவன் பிடிக்கிறதே நொட்டாங்கையில, அதுல கத்தி வேறயா” என்று புலம்பியதும் காதில் விழுந்தது. போனில் பதில் சொன்னால் பாதியில் நீ புகுந்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டு. போலீஸ் வருகிற இடத்தை மட்டும் கொஞ்சம் வேகமாக வாசித்துவிடு.

பகை யாரோடும் இல்லை. என் ஆபீஸில் ஒருத்தர் லீவு நாளெல்லாம் ரயில் நிலையம் ரயில் நிலையமாகப் போய், அங்கே வைத்திருக்கும் ரப்பர் ஸ்டாம்பை நோட்டில் குத்திக்கொண்டு வருகிறார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. அரிவாளுக்குப் பேர்போன திருப்பாச்சேத்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்தவன் கத்திக்கடை வாசலில் நின்றால் மட்டும் ஊருக்கே செய்தி போய்விடுகிறது. அம்மாவிடம் போட்டுக்கொடுத்தது சித்தி மகன்தானே? அவனுக்குப் போட்டோ அனுப்பியிருக்கவே கூடாது.

கடை இருப்பது சக்காயில். ஒசாகாவுக்குத் தெற்கே ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர். தென்னோஜியில் டிராம் ஏறினால் வீட்டு வாசல்களை உரசிக்கொண்டு போய் இறக்கிவிடும். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் ஜப்பானுக்குத் துப்பாக்கியையும் புகையிலையையும் கொண்டுவந்தார்கள். சக்காய்க் கொல்லர்கள் ஒன்றைப் பார்த்து அதே மாதிரி செய்தார்கள், மற்றதை நறுக்கக் கத்தி அடித்தார்கள். அந்தப் புகையிலைக் கத்திக்குப் பிற்பாடு ஷோகன் அரசே முத்திரை கொடுத்தது. இன்றைக்கு ஜப்பான் சமையல்காரர்கள் கையில் இருப்பதில் பெரும்பங்கு தங்கள் கத்திதான் என்று ஊர்க்காரர்கள் மார்தட்டுகிறார்கள். அங்கே அடிக்கிறவர் தீட்டமாட்டார், தீட்டுகிறவர் பிடி போடமாட்டார். ஒரு கத்தி முடிவதற்குள் மூன்று பட்டறை ஏறி இறங்கிவிடும். நவம்பர் 8 அன்று உலையை மூட்டாமல் துருத்திக்குப் படையல் வைப்பது கொல்லர்களின் பழைய வழக்கம். நம்ம ஆயுத பூஜை மாதிரிதான், பொரிகடலைக்குப் பதில் ஆரஞ்சு.

கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கும். ஒரு கத்தியைக் காட்டி, எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து எடுத்தார். மேஜையில் துணியை விரித்து, பிடி என் பக்கம் இருக்கும்படி வைத்தார். கையில் தரவில்லை. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் பகை வரும் என்று சொல்லும் அப்பத்தா இருந்திருந்தால் மெச்சியிருக்கும்.

நான் கேட்டது யனகிபா. பச்சை மீனைச் சீவுவதற்கென்றே இருக்கிற நீளக் கத்தி. குதியிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பு. முன்னும் பின்னும் அறுத்தால் மீனின் வழவழப்புப் போய்விடும். “என்ன மீன் சாப்பிடுவீர்கள்?” என்றார். பச்சை மீன் சாப்பிடுவதில்லை என்றேன். கொஞ்ச நேரம் கத்தியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “எந்தக் கை?” என்றார். இடது கையைத் தூக்கிக் காட்டினேன். கத்தியைத் துடைத்து மறுபடி பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

விஷயம் என்னவென்றால், இந்த வகைக் கத்தியை ஒரு பக்கம் மட்டும்தான் சரிவாகத் தீட்டுவார்கள். மறுபக்கம் தட்டையாக, நடுவில் லேசாகக் குழிந்திருக்கும். சரிவு வலது பக்கம். அதை இடது கையில் பிடித்து இறக்கினால் கத்தி நேரே இறங்காது, கோணிக்கொண்டு போகும். நம்ம கைக்கு வேண்டுமென்றால் தனியாகச் சொல்லி அடிக்கவேண்டும், காத்திருக்கவேண்டும், விலையும் கூட. பள்ளிக்கூடத்தில் இந்தக் கைக்கு வாங்கிய அடி போதாதென்று இப்போது வரியும் கட்டுகிறேன். இருந்தாலும் ஆர்டர் கொடுத்துவிட்டேன். விலையை இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை.

எந்த எஃகு வேண்டும் என்று கேட்பார் என்றுதான் காத்திருந்தேன். கேட்கவில்லை. நானே ஆரம்பித்தேன். ஷிமானேயில் யாசுகி என்ற ஊரில் உருக்குகிற எஃகில் வெள்ளைத்தாள், நீலத்தாள் என்று இரண்டு சாதி. கம்பெனியில் அடையாளத்துக்காக ஒட்டிய தாளின் நிறம் அது, எஃகின் நிறமல்ல. வெள்ளைத்தாள் ஏறக்குறைய வெறும் இரும்பும் கரியும். சாணைக்கல்லில் சீக்கிரம் கூர் ஏறும். நீலத்தாளில் குரோமியமும் டங்ஸ்டனும் சேரும். கூர் கூடுதல் நாள் நிற்கும். இரண்டும் ஈரத்தில் துருப்பிடிக்கும். இத்தனையையும் அக்கா, உன் தம்பி ஜப்பானிய மொழியில் ஒரே மூச்சில் சொன்னான். அவர் கடைசிவரை தலையாட்டிக் கேட்டார். பிறகு, “வீட்டில் தினமும் என்ன நறுக்குவீர்கள்?” என்றார்.

“வெங்காயம்.”

உள்ளே போய் நகிரி ஒன்றை எடுத்துவந்தார். செவ்வகமாக இருக்கும், முனையே கிடையாது. காய்க்கு மட்டும்தான். இரண்டு பக்கமும் தீட்டியிருப்பதால் எந்தக் கைக்கும் ஆகும். மேஜையில் ஒரு முள்ளங்கித் துண்டு இருந்தது. கத்தியை அதன்மேல் வைத்தார், அழுத்தினதாகத் தெரியவில்லை, அதன் கனத்துக்கே இறங்கியது. சீவின துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கீழே கைரேகை தெரிந்தது. அந்த நிமிடமே இது உனக்கு என்று முடிவு செய்துவிட்டேன்.

பேர் பொறிக்கவா என்று கேட்டார். இங்கே கத்தியில் பேர் வெட்டித் தருவார்கள். உன் பேரைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு மூன்று தரம் திருப்பிப் பார்த்தார். அவர்கள் எழுத்து பெரும்பாலும் கோடும் கோணமும். சின்ன உளியை வைத்துச் சுத்தியால் தட்டினால் ஒரு தட்டுக்கு ஒரு கோடு வந்துவிடும். நம்ம எழுத்தில் எங்கே பார்த்தாலும் சுழி. “மீ”யின் தலையில் இருக்கும் வளையத்தைப் பொடிப்பொடி வெட்டாக, உளியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு வளைத்தார். “ட” வந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டே கோடு. மேலே புள்ளிக்கு ஒரு தட்டு. “னா”வின் கால்தான் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. மற்றபடி மீனாட்சி என்று யார் பார்த்தாலும் வாசித்துவிடலாம். உன் நாத்தனார் “நல்லாயிருக்கே” என்று இழுத்தால் இனிமேல் கொடுக்கமுடியாது, பேர் வெட்டியாயிற்று.

இனிமேல் வேகமாக வாசி.

இந்த நாட்டில் 6 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான கத்தியை, நியாயமான காரணம் இல்லாமல் வெளியே கொண்டுபோகக் கூடாது. மீறினால் இரண்டு வருடம் வரை உள்ளே, இல்லையென்றால் 3 லட்சம் யென் வரை அபராதம். ஆறுக்குக் கீழே என்றால் நிம்மதியா? ஒளித்து வைத்திருந்தால் அதற்கு வேறொரு சட்டம். மடக்குக் கத்திக்கு எட்டு வரை சலுகை உண்டு. ஆனால் அகலம் ஒன்றரை சென்டிமீட்டரையும் தடிமன் இரண்டரை மில்லிமீட்டரையும் தாண்டக்கூடாது, விரித்தால் பூட்டிக்கொள்ளவும் கூடாது. இதைத் தெரிந்துகொண்ட அன்று ஸ்கேலை எடுத்து வீட்டிலிருக்கும் சாமானையெல்லாம் அளந்தேன். ஆப்பிள் சீவுகிற கத்தி எட்டரை. தோசைக்கரண்டியையும் அளந்தேன். சட்டத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. அரிவாளும் கையுமாக நிற்கிற நம்ம கருப்பசாமி மட்டும் இங்கே குடியேறினால் முதல் நாளே விசாரணைதான்.

உன் நகிரி பதினாறரை சென்டிமீட்டர்.

2018இல் இங்கே புல்லட் ரயிலில் ஒருவன் பயணிகளை வெட்டி ஒருவர் செத்துப்போனார். அடுத்த வருடம் ஏப்ரல் முதல், ஒழுங்காகக் கட்டாத கத்தியோடு ரயிலில் ஏறக்கூடாது என்று விதி வந்தது. ஆகவே விதியைப் பார்த்துச் சிரிக்கமாட்டேன். அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைப் பார்த்து நீ சிரித்துக்கொள். கடைக்காரர் கத்திக்கு அட்டை உறை போட்டார். உறையைப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டிக்குத் தாள் சுற்றினார், தாளுக்கு டேப். பைக்குள் போட்டு, பையின் வாய்க்கும் டேப். ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வழியில் பிரிக்காதீர்கள் என்றார்.

கடையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோவது நியாயமான காரணம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வழியில் நின்றால்? சக்காயில் பழைய மன்னர் சமாதி ஒன்று இருக்கிறது. சாவித் துவாரம் போட்ட மாதிரி வடிவம், ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நீளம், சுற்றி அகழி, யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அவ்வளவு தூரம் போய்விட்டு அதைப் பார்க்காமல் வரலாமா? ஆனால் மன்னர் சமாதிக்குக் கத்தியோடு போவது எந்தக் காரணத்தில் சேரும்? விட்டுவிட்டேன். பசித்தது. இரவும் பகலும் திறந்திருக்கும் கடைக்குள் நுழையப் போனவன், கத்தியோடு கல்லாவுக்கு எதிரே நிற்கப்போகிறோம் என்று தோன்றியதும் திரும்பிவிட்டேன். கழிவறைக்குப் போகலாம் என்றால் பையை வெளியே வைக்கமுடியாது, கேட்பாரற்ற பொருளாகிவிடும். உள்ளே கொண்டுபோனால் ஒளித்து வைத்த மாதிரி. யாராவது நிறுத்தினால் என்ன சொல்வது என்று டிராமுக்குக் காத்திருந்தபோது ஒத்திகை பார்த்தேன். “இது கத்தி” என்று ஆரம்பித்தால் அடுத்த வாக்கியத்துக்கு விடுவார்களா? “அக்காவுக்கு” என்று ஆரம்பித்தால் இன்னும் மோசம்.

டிராமில் பக்கத்தில் ஒரு பாட்டி. ஒசாகாப் பாட்டிகளுக்கு வாய் சும்மா இருக்காது. என்ன வாங்கினாய் என்று கேட்டார். சொன்னேன். டிராமே கேட்கும்படி, “கத்தியா! எவ்வளவு நீளம்?” என்றார். பதினாறரை என்று முணுமுணுத்தேன். அவர் மாமியார் காலத்துக் கத்தி தீட்டித் தீட்டிப் பாதியாகிவிட்டதாம், இன்னமும் நன்றாக வெட்டுகிறதாம். இறங்கும்போது கைப்பையிலிருந்து ஒரு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். வீட்டு வாசல் வரை வேறு யாரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு தயார் செய்திருந்ததற்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். என்னோடு வேலை பார்க்கிற ஜப்பான்காரன் இதே மாதிரி கத்தி வாங்கிவிட்டு, அதோடு சினிமாவும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். அவனுக்கு ஸ்கேலும் வேண்டாம், ஒத்திகையும் வேண்டாம். என்னை ஒருநாள் இரவு தயிர்ப் பாக்கெட்டோடு நடந்தபோதே நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னார்கள். வெளிநாட்டுக்காரன் குடியிருப்பு அட்டையை எப்போதும் கையோடு வைத்திருக்கவேண்டும், அதையும் வாங்கிப் பார்த்தார்கள். மரியாதைக்குக் குறைவில்லை, போகும்போது தலை குனிந்து நன்றியும் சொன்னார்கள். ஆனால் தெருவில் போனவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டே போனார்கள். அதிலிருந்துதான் இந்த ஒத்திகை எல்லாம். இதை அம்மாவுக்கு வாசிக்காதே.

இன்னொன்றும் சொல்கிறேன். கத்தி அலமாரியில் வரிசையாகத்தான் நிற்கிறது. சாணைக்கல் ஆயிரம், மூவாயிரம் நம்பரில் தனித்தனியாக இருக்கிறது. சனிக்கிழமை உட்கார்ந்து தீட்டினால் தாளைக் காற்றில் பிடித்து அறுக்கலாம். பிறகு ஒருத்தனுக்கு ஒரு வெங்காயம். எடுத்த கையோடு முடிந்துவிடுகிறது. சாமி கும்பிடுக்கு முதல் நாள் பின்கட்டில் மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவீர்களே, அங்கே இந்தக் கத்தியோடு உட்காரவேண்டும் போலிருக்கிறது. பெரியம்மா இரண்டு நிமிடத்தில் பிடுங்கிக்கொள்ளும் என்று தெரியும். பரவாயில்லை.

பொங்கலுக்கு வரும்போது கொண்டுவருகிறேன். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், பெரிய பெட்டியில்தான் வரும். கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்று இங்கேயும் சொல்கிறவர்கள் உண்டு. அதற்குப் பரிகாரமாக 5 யென் நாணயம் ஒன்றை நடுவில் வைப்பார்கள். அதனால் நீ எனக்கு ஐந்து ரூபாய் தரவேண்டும். ஜிபேயில் அனுப்பாதே, நாணயமாகவே எடுத்து வை.

நறுக்கினதும் கழுவு, கழுவினதும் துடை. புளி, எலுமிச்சம்பழம் பட்டால் அந்த நிமிடமே துடை. வாய் ரொம்ப மெல்லிசு, எலும்பில் பட்டால் பல் பல்லாகப் பெயர்ந்துவிடும். தேங்காய்ப் பக்கமே கொண்டுபோகாதே. அத்தான் கறி எடுத்துவருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, அவரை அடுப்படிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறதை எடுத்துக்கொள்ளச் சொல்.

இப்படிக்கு,
உன் தம்பி