எனக்கு உடனே 70 வயது வேண்டும்

பெறுநர்: ஆயுஷ்மான் பாரத் திட்டத்துக்குப் பொறுப்பான உயரதிகாரிகள், புதுடெல்லி.

பொருள்: எனக்கு உடனடியாக 70 வயது வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

முதலில் 2024 அக்டோபரில் தாங்கள் செய்த நல்ல காரியத்துக்கு நன்றி. 70 வயது ஆகிவிட்டால் போதும், பங்களாக்காரரோ பிளாட்பாரக்காரரோ, வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்றீர்கள். காலையில் பூங்காவை நாலு சுற்று சுற்றிவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டே போய் விண்ணப்பிக்கலாம். எனக்கு 34. முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. இன்னும் 36 வருடம்தான், பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளான எங்களை அடியோடு மறந்துவிட்டீர்கள் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். 2018இல் திட்டம் தொடங்கியபோது, 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை வைத்து கிராமங்களுக்குப் போட்ட தகுதிப் பட்டியலில் எங்களுக்கென்றே ஒரு வரி இருந்தது. வீட்டில் மாற்றுத்திறனாளி இருக்க வேண்டும். உடல்திறன் உள்ள பெரியவர் ஒருவர்கூட இருக்கக் கூடாது. அங்கேதான் அம்மா இடிக்கிறார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிவறைக்கு என்னைத் தூக்குவது அவர்தான். தூக்குகிறார் அல்லவா, அதுவே அவர் உடல்திறனுக்கு அத்தாட்சி. 61 வயதில் இடுப்பு விட்டுப்போகிறது என்கிறார். அது 40 சதவீத ஊனமாகத் தேறுமா என்று மெடிக்கல் போர்டுதான் சொல்ல வேண்டும்.

தப்பித்தவறி அட்டை கிடைத்தாலும் அட்மிட் ஆனால்தான் செல்லுபடி. இரண்டு மணிக்கொரு தரம் என்னைப் புரட்டிப் போடாவிட்டால் பிட்டத்தில் புண் வரும். வலிக்காது, வாடை வந்தால்தான் தெரியும். வராமல் தடுக்கும் காற்றுப் படுக்கைக்குச் சில ஆயிரம் ஆகும். அது என் செலவு. கதீட்டர், டயப்பர், பிசியோதெரபி, எல்லாமே என் செலவு. புண் எலும்பைத் தொட்டு, ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும் அளவுக்கு நான் முன்னேறினால் அரசு கைகொடுக்கும்.

தனியாரிடம் போயேன் என்பீர்கள். போனேன். டெல்லி உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் கேட்டதன் பேரில், 2023 பிப்ரவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எங்களுக்கென ஒரு பாலிசி வைத்தே ஆக வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. நான் போன் செய்த இடத்தில் பேசிய தம்பி தங்கமானவர். "சார், நடக்க ஆரம்பிச்சதும் ஒரு தடவை கூப்பிடுங்களேன்" என்றார்.

எங்களுக்குக் காப்பீடு தருவது ஆகாத காரியமும் இல்லை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு; அட்மிட் ஆகாமலே தெரபிக்கும் தருகிறார்கள். ஆனால் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கு மட்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ 21 வகைகளைச் சொல்கிறது. நான் விழும்போது கொஞ்சம் பார்த்து விழுந்திருக்கலாம்.

அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, வேறு அரசுக் காப்பீடு இல்லாத எங்களுக்கு முழுமையான காப்பீட்டுத் திட்டம் வேண்டும் என்கிறது, அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு. பங்களாக்காரத் தாத்தாவுக்குக் கொடுக்க அந்த வசதி இருந்ததில் மகிழ்ச்சியே.

வயதைக் கூட்டித் தர விதியில் இடமில்லை என்றால், '70 வயது நிரம்பியவர்' என்ற இடத்தில் 'அல்லது மாற்றுத்திறனாளிக்கான யூ.டி.ஐ.டி. அட்டை உள்ளவர்' என்று சேர்த்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
34 வயது முதியவன்

இணைப்பு: யூ.டி.ஐ.டி. அட்டை நகல், அம்மாவின் இடுப்பு எக்ஸ்ரே.