குடை புதுசு, ஆள் பழசு

1976-இல் நான் வாங்கிய முதல் பாராசூட்டின் விலை நூற்றைம்பது டாலர். முதுகுக்கு ஒரு குடை, வயிற்றுக்கு ஒரு குடை, இரண்டையும் மாட்டிக்கொள்ளப் பட்டைகள், எல்லாம் அதில் அடக்கம். விற்றவர் கொசுறாக ஒரு ஜோடி பூட்ஸும் கொடுத்தார். ஒரு நம்பர் பெரிசு. தெற்குக் கலிஃபோர்னியாவுக்கு எம்.எஸ். படிக்கப் போன கும்பகோணத்துப் பையனுக்கு அது இரண்டு மாதச் சாப்பாட்டுக் காசு. விற்றவர் கேட்டது இருநூறு. உயிர் காக்கும் சாமானைப் பேரம் பேசி வாங்கலாமா என்ற கேள்வியே எனக்கு வரவில்லை. ஐம்பது டாலர் குறைத்த சாமர்த்தியத்தை ஒரு வாரம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் காலத்தில் ‘எந்த பாராசூட் வாங்கலாம்’ என்று யாரும் மண்டையைக் குழப்பிக்கொள்வதில்லை. ராணுவம் எதைக் கழித்துக்கட்டுகிறதோ அதை வாங்குவோம். எனக்குக் கிடைத்தது சி-9. இருபத்தெட்டு அடி விட்டம், இருபத்தெட்டு துண்டுகள் சேர்த்துத் தைத்த வட்டக் குடை. போர் விமானம் தீப்பிடித்தால் விமானி ஆயுளில் ஒரே ஒருமுறை குதித்துத் தப்பிப்பதற்காகத் தைத்தது. நாங்கள் அதை ஞாயிற்றுக்கிழமை நாலு முறை குதிக்க வைத்துக்கொண்டோம். அது போகிற போக்கில் இறங்குமே தவிர, சொன்ன பக்கம் போகாது. அதற்கு வைத்தியம், பின்புறத் துணியில் சில துண்டுகளை வெட்டி எடுத்துவிடுவது. ஓட்டை வழியாகக் காற்று பின்னால் பீறிட, குடை முன்னால் நகரும். இழை பிரியாமலிருக்கச் சூடேற்றிய கத்தியால் வெட்டி ஓரம் தைக்க வேண்டும். ஆக, முழுசாக இருந்த குடையைக் காசு கொடுத்து வாங்கி, அதில் ஓட்டை போட்ட பிறகுதான் எங்களுக்கு நிம்மதி. பாரா கமாண்டர் என்று முறையாக விளையாட்டுக்கென்றே தைத்த வட்டக் குடையும் இருந்தது. அதை வைத்திருப்பவர்களை நாங்கள் ஜமீன்தார்களைப் பார்ப்பது போலப் பார்ப்போம்.

அம்மாவுக்கு ஒரு போட்டோ அனுப்பினேன், என்னவென்று சொல்லாமல். “கல்யாணப் பந்தல் துணி மாதிரி இருக்கே, அங்கே யாருக்கு விசேஷம்?” என்று ஏர்மெயிலில் பதில் வந்தது. நான் மறுக்கவில்லை.

மடிப்பதில் மட்டும் அம்மா எனக்குத் தெரியாமலே குருவாக இருந்தாள். வட்டக் குடையை மடிப்பது புடவைக்குக் கொசுவம் வைப்பது மாதிரிதான். தரையில் நீளமாக விரித்து, உச்சியை ஒருவர் இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் ஒவ்வொரு துண்டாக எடுத்து நடு மடிப்பு நேராக வரும்படி இடமும் வலமுமாக அடுக்குவார். கயிறுகள் நடுவே தனியாக ஓட வேண்டும். ஒரு கயிறு தப்பித் துணிக்கு மேலே போய்விட்டால், குடை விரியும்போது அந்தக் கயிறு நடுவில் இறுக்கி இரண்டு குமிழாகப் பிதுக்கிவிடும். இதற்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர் மே வெஸ்ட். யார் அந்த அம்மாள் என்று கேட்டேன். பழைய சினிமா நடிகை என்றார்கள். ஏன் அந்தப் பெயர் என்பதை ஒரு படத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அந்த அம்மாளை நேரில் சந்தித்தது என் நாற்பத்துமூன்றாவது குதிப்பில். கடைசி விமானம் கிளம்பப் போகிறது, கட்டிய காசு திரும்ப வராது. பதினைந்து நிமிஷ வேலையை ஏழு நிமிஷத்தில் முடித்தேன். இரண்டாயிரத்து ஐந்நூறு அடியில் கைப்பிடியை இழுத்து அண்ணாந்து பார்த்தால், மேலே ஆரஞ்சும் வெள்ளையுமாக இரண்டு பூசணிக்காய்கள் சுழல்கின்றன. எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்குச் சொல்லிக்கொடுத்த வழி இதுதான்: கெட்ட குடையைக் கழற்றிவிட முயலாதே. வயிற்றுக் குடையின் மேல் இடது கையை அழுத்தி வை, வலது கையால் கைப்பிடியை இழு, துணியை வாரி எடு, நீ எந்தப் பக்கம் சுழல்கிறாயோ அந்தப் பக்கமாகக் கீழ்நோக்கி வீசி எறி. அதைத் தானாக இழுத்துச் செல்லக் குட்டிக் குடை கிடையாது. முதல் வீச்சில் துணி திரும்பி வந்து என் முகத்தில் அறைந்தது. இரண்டாம் வீச்சில் காற்றுப் பிடித்தது. இறங்கிய இடம் ஒரு பால் பண்ணை. கும்பகோணத்தை விட்டு ஒன்பதாயிரம் மைல் தாண்டி வந்து, முழங்கால் வரை சாணியில் நின்றேன். ஒரு சிராய்ப்புகூட இல்லை.

கெட்ட குடையைக் கழற்றும் வித்தை அப்போது தேர்ந்தவர்களுக்கு மட்டும். தோள்பட்டை இரண்டிலும் கேப்வெல் என்ற இரும்புக் கொக்கி இருக்கும். மேல்மூடியைத் தட்டித் திறந்தால் உள்ளே ஒரு கம்பி வளையம். இரண்டு கட்டை விரலையும் இரண்டு வளையத்தில் நுழைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் பிடுங்க வேண்டும். ஒன்று கழன்று மற்றொன்று கழலாவிட்டால் என்ன ஆகும் என்று பயிற்சியில் கேட்டேன். “அப்படி ஆக விடாதே” என்று பதில் வந்தது.

பிறகு ஒவ்வொன்றாகப் புத்திசாலிச் சாமான்கள் வந்து சேர்ந்தன. டோமினா ஜால்பர்ட் என்ற பட்டம் செய்பவர் 1964-இல் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். உள்ளே அறை அறையாகத் தடுத்து, முன்வாயில் காற்று புகுந்து உப்பி, விமானத்தின் இறக்கை மாதிரி பறக்கும் துணி. எழுபதுகளில் அது எங்கள் திடலுக்கு வந்தபோது, சதுரக் குடையா, மெத்தையா என்று சிரித்தோம். அந்த மெத்தையில் வந்தவர் எதிர்க்காற்றில் மெதுவாக வந்து, படி இறங்குவது போலத் தரையில் கால் வைத்தார். வட்டக் குடைக்காரர்களான நாங்கள் நொடிக்குப் பதினெட்டு அடி வேகத்தில், ஐந்தடி மதில் மேலிருந்து குதித்தவர்கள் மாதிரி தொப்பென்று விழுந்து உருண்டோம். உருண்டபடியே சிரிப்பது கஷ்டம்.

எழுபதுகளின் நடுவில், கெட்ட குடையைக் கழற்ற, பில் பூத் மூன்று வளையங்களைக் கண்டுபிடித்தார். பெரிய வளையத்துக்குள் நடு வளையம், அதற்குள் சின்ன வளையம், கடைசியில் ஒரு நூல் கண்ணி, அதைப் பிடித்திருக்கும் மஞ்சள் கம்பி. குடை இழுக்கும் முழு பாரமும் வளையத்துக்கு வளையம் குறைந்து, கம்பியை ஒரு கையால் உருவினால் போதும் என்கிற அளவுக்கு வந்துவிடும். இரண்டு பக்கமும் ஒன்றாகக் கழலும். பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல்தான். இத்தனை வருஷம் யாருக்கும் தோன்றவில்லை. 1991-இல் ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் சைப்ரஸ் என்ற சின்னப் பெட்டியை விற்க ஆரம்பித்தது. குதித்தவன் 750 அடிக்கு வந்த பிறகும் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், அது தானே ரிசர்வ் என்ற மாற்றுக் குடையைக் கட்டியிருக்கும் நூலை வெட்டிவிடும். அந்த உயரத்திலிருந்து தரைக்கு நாலைந்து நொடிதான் தூரம். நினைவு தப்பியவனையும், நேரம் போவதை மறந்தவனையும் அது காப்பாற்றியது. “நமக்கெதற்கு மெஷின்?” என்று கேட்ட சூரர்களில் நானும் ஒருவன். மூன்று வருஷம் கழித்து, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து வாங்கினேன்.

இதற்கிடையே பரீட்சை எழுதி ரிக்கர் ஆகியிருந்தேன். ரிசர்வ் குடையைச் சோதித்து, மடித்து, சிவப்பு நூல் கட்டி, ஈயத்தில் என் முத்திரையைக் குத்துவது என் வேலை. நான் குதிக்க வந்த காலத்தில் 60 நாளுக்கு ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். பிறகு 120 ஆயிற்று. 2008 டிசம்பரிலிருந்து அமெரிக்காவில் 180 நாள்.

துணி முன்பைவிட நல்ல துணி என்பதால் நாள் கூடிற்று. ஆனால் துணியை நம்பலாகாது என்பதை எண்பதுகளில் கற்றேன். ஒழுங்காக மடித்து, பைக்குள் பத்திரமாக இருந்த சில வட்ட ரிசர்வ்களில், வலைத்துணியில் இருந்த அமிலம் பக்கத்து நைலானை அரித்துக்கொண்டிருந்தது. வெளிப்பார்வைக்குப் புத்தம் புதுசு. பச்சைச் சாயம் ஒன்றைத் தொட்டு வைப்போம். அமிலம் இருந்தால் மஞ்சளாகும். சந்தேகம் வந்தால் துணியைக் கவ்விப் பிடித்து இழுத்துப் பார்ப்போம். ஒருமுறை என் மேஜையில் அது பழைய பேப்பர் மாதிரி கிழிந்தது. அதை ஒருவர் முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு பருவம் முழுக்கக் குதித்திருந்தார்.

போன மாதம் ஒரு பொள்ளாச்சிப் பையன், இரண்டு குடையும் அடங்கிய தன் ரிக்கை எடுத்துக்கொண்டு வந்தான். சாஃப்ட்வேர் வேலை, எண்பது கிலோ, அறுபத்திரண்டு குதிப்பு. ரிசர்வ் மடிக்கும் நாள் வந்துவிட்டது. கையில் இருந்த போனில் ஒரு ஆர்டர் படிவம் திறந்திருந்தது. புது ரிக், ஒன்பதாயிரம் டாலர்.

“அங்கிள், பைப்பிங் மட்டும் மயில் கழுத்து கலர் போட்டா வீடியோல எடுப்பா இருக்குங்களா?”

கலரில் மூன்று வாரமாக யோசனையாம். குடையின் அளவை மூன்று நிமிஷத்தில் முடிவு செய்திருந்தான். 120 சதுர அடி.

“இப்போ எதிலே குதிக்கிறே?”

“நூத்தித் தொண்ணூறுங்க. ரொம்ப சோம்பேறிக் குடைங்க. எங்க கோச் நூத்தியேழுல வர்றாருங்க.”

“கோச் எத்தனை குதிச்சிருக்கார்?”

“ஆறாயிரம் இருக்குங்க.”

காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். அவன் எடை 176 பவுண்டு, சாமான் 25, கூட்டினால் ஏறக்குறைய இருநூறு. 190 சதுர அடிக்கு வகுத்தால் சதுர அடிக்கு ஒரு பவுண்டும் கொஞ்சமும். புதியவனுக்குச் சரியான பாரம் அதுதான். 120-க்கு வகுத்தால் 1.67. அந்தப் பாரத்தில் குடை வேகமாக ஓடும், தாழ்வில் திருப்பினால் தரையை நோக்கிப் பாயும், பழகிய கைக்குத்தான் அடங்கும். “அங்கிள், நீங்க அந்தக் காலத்து ஆளுங்க” என்றான் மரியாதையாக.

அவன் பையைத் திறந்தேன். மெயின் பையை மூடும் நூல் வளையம், இரண்டு டாலர் சாமான், பாதி இழைகள் நைந்து பஞ்சாக நின்றது. அது விமான வாசலில் அறுந்தால், குடை அவன் கேட்காமலே வெளியே வரும். மூன்று வளையப் பட்டை வாங்கிய நாளிலிருந்து கழற்றப்படாமல் விறைத்துக் கிடந்தது. மாதம் ஒருமுறை கழற்றி, பட்டையை முறுக்கிப் பிசைந்து, மஞ்சள் கம்பியைத் துடைத்து எண்ணெய் காட்டி மாட்ட வேண்டும். ஐந்து நிமிஷம். பிரேக் கயிறுகள், கயிறுகளில் வழுக்கி இறங்கும் ஸ்லைடர் துணி உரசும் சூட்டில் சுருங்கி மற்றவற்றைவிடக் குட்டையாகியிருந்தன. குடை சோம்பேறியாக இருந்ததற்குக் காரணம் அதுதான். பிரேக்கைக் கொஞ்சம் பிடித்தபடியேதான் அது பறந்துகொண்டிருந்தது. ஹெல்மெட் கேமராவின் கண்ணாடி மட்டும் பளபளவென்று துடைத்திருந்தது.

திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். பிறகு காலுறையை இறக்கி இடது கணுக்காலைக் காட்டினேன். உள்ளே தகடு ஒன்று, ஆறு ஸ்க்ரூ. கிழித்துத் தைத்த சி-9 கொடுத்தது என்று அவன் நினைத்திருப்பான். இல்லை. 1998, வயது நாற்பத்தாறு. துணி புதுசு, கயிறு புதுசு, சைப்ரஸ் புதுசு, என் முத்திரையே குத்திய ரிசர்வ். 135 சதுர அடிக் குடை அழகாக விரிந்தது. பார்வையாளர் கூடாரத்துக்கு முன்னால் கொஞ்சம் தாழ்வாகத் திருப்பினால் கைதட்டல் கிடைக்கும் என்று தோன்றிற்று. திருப்பினேன். சாமானில் ஒரு பழுதும் இல்லை என்று ஆராய்ந்து எழுதினார்கள்.

சாமான் பாதுகாப்பாக ஆக ஆக, குதிப்பவன் அந்த அளவுக்கு அதிக ஆபத்தைத் தேடிப்போய்ச் சாவுக் கணக்கைச் சமன் செய்துவிடுவான் என்று பில் பூத் ஒரு விதி சொல்லியிருக்கிறார். மூன்று வளையம் கண்டுபிடித்தவர் சொன்னது என்பதால் கொஞ்சம் உறுத்தும். கணக்கு அவரை முழுதாக ஆமோதிக்கவில்லை. அமெரிக்காவில் எழுபதுகளில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பதுக்கு மேல் செத்தார்கள். 2023-இல் ஏறக்குறைய 36.5 லட்சம் குதிப்புகளில் பத்துப் பேர். வளையமும் பெட்டியும் நிஜமாகவே காப்பாற்றுகின்றன. ஆனால் குடை விரியாமல் செத்த காலம் போய், நன்றாக விரிந்த குடையின் கீழே தரையில் மோதிச் சாகிறவர்கள் வந்திருக்கிறார்கள். அந்த வகைக்கு இன்னும் யாரும் பெட்டி கண்டுபிடிக்கவில்லை.

பையன் ஸ்க்ரூவை எண்ணிப் பார்த்தான். போனை மூடிப் பையில் போட்டான். மயில் கழுத்து நிறம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். நூல் வளையத்தை மாற்றினேன், பிரேக் கயிறுகளைப் புதிதாகப் போட்டேன், வளையங்களைக் கழற்றி மாட்ட அவனையே பழக்கினேன். 190 இப்போது சோம்பேறி இல்லை. ரிசர்வை மடித்து, சிவப்பு நூல் கட்டி, ஈயம் குத்தி, அட்டையில் தேதி எழுதிக் கொடுத்தேன்.

இன்னும் 180 நாளில் அவன் திரும்ப வர வேண்டும். இரண்டு காலிலும் நடந்து வந்தால், அப்போது 170 பற்றிப் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.