பழி இன்ஜின் மேலா?

கேள்வி: உப்பளத்துக்குப் போகும் வழியில் கியர் இல்லாத என் ஸ்கூட்டரின் பெல்ட் அறுந்தது. புது பெல்ட் போட்ட பிறகும் கடகடவென்று சத்தம், பிக்கப்பே இல்லை. இன்ஜின் போச்சா?
– வாசகர், மரக்காணம்

பதில்: அவசரப்பட்டு இன்ஜினைப் பிரித்துவிடாதீர்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஆக்சிலேட்டரை முறுக்காமல் சில நொடி மட்டும் ஓடவிட்டுக் கேளுங்கள். சத்தம் நின்றால் இன்ஜின் நிரபராதி. குற்றவாளி இடதுபக்க கவருக்குள்ளேயே பதுங்கியிருக்கிறார்.

என் முதல் சந்தேகம் முன்பக்க நட்டு. பின் புல்லியை விரித்து பெல்ட்டை ஆழமாக இறக்காமல் முன் நட்டை முறுக்கினால், பெல்ட் இடையில் நசுங்கிக்கொண்டு நட்டு இறுகிவிட்டது போலவே காட்டும். கொஞ்ச தூரம் ஓட்டியதும் தளரும். தண்டின் பற்களையும் தின்றுவிடும். அறுந்த பெல்ட்டின் நார் முன் புல்லிக்குப் பின்னால் சுற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஆயில் சீலைக் கிழித்திருந்தால், கசியும் ஆயிலில் புது பெல்ட் வழுக்கும். பிக்கப் எப்படி வரும்? முன் புல்லிக்குள் இருக்கும் ரோலர்கள் ஒருபக்கம் தட்டையாகியிருந்தால் மொத்த செட்டையும் மாற்றுங்கள்.

உங்கள் ஊர் உப்புக்காற்று தனி வில்லங்கம். துருப்பிடித்த புல்லி, பெல்ட்டை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும். புல்லியைத் துடைத்து, எண்ணெய்ப் பசையில்லாமல் காயவிட்டு, டார்க் ரெஞ்ச் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் நட்டை முறுக்கக் கொடுங்கள்.