சகுனிக்கே கட்டுப்படியாகாத காயி

வா தம்பி, குந்து. கையில இன்னாடா அது, வெல்வெட்டுப் பையி? பொண்டாட்டிக்குக் கம்மல் வாங்கினு வந்தியாக்கும்னு பாத்தா, ஏழு காயி! அதுவும் இரும்புல. நாலு மொகம், ஆறு மொகம், எட்டு, பத்து மொகத்துல ரெண்டு, பன்னண்டு, இருவது. சகுனிக்கே இத்தினி தேவப்படல. அவன் உருட்டுன உருட்டுல ஒரு ராஜ்யமே வந்துச்சு. உனக்கு இன்னா வந்துச்சு? கிரெடிட் கார்டு பில்லு.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்னு பேராமே. நாலஞ்சு பேரு மேசையச் சுத்திக் குந்திக்கினு, ஒருத்தன் கத சொல்லுவான். மத்தவன்ல ஒருத்தன் வீரன், ஒருத்தன் மந்திரவாதி. வாளு வெட்டுச்சா, தவறுச்சான்னு காயி சொல்லும். நல்ல ஆட்டந்தான்டா. நான் கொற சொல்லுவனா? நம்ம ஏம்பலம், பாகூர் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவுல ராத்திரி முச்சூடும் நடக்குறது வேற இன்னா? பகடை துயில் கூத்துல சூதாட்டக் காயும் உண்டு, வேசமும் உண்டு. வயசான மனுசன் மீசைய வழிச்சிட்டுப் பாஞ்சாலியா வந்து நின்னாருன்னா, கெழவிங்க எல்லாம் முந்தானையால கண்ணத் தொடைக்கும். உனக்கு வயசு இன்னான்னு யாராச்சும் கேட்டாங்களா? செலவு தலைக்கட்டு வரியில முடிஞ்சிடும்.

ஆனா உங்க ஆட்டத்துல வயசக் கேட்டிருக்காங்க. டி.எஸ்.ஆர்.னு ஒரு கம்பெனிதான் அத மொதல்ல வித்துச்சு. 1997ல விஸார்ட்ஸ் ஆப் த கோஸ்ட்டுன்றவன் அத வாங்குனான். 1999ல அவனையே ஹாஸ்ப்ரோ பொம்மக் கம்பெனி வாங்கிடுச்சு. அந்த வருசந்தான் விஸார்ட்ஸ்காரன் ஒரு கணக்கெடுப்பு எடுத்தான். யாரு ஆடுறா, எவ்ளோ செலவு பண்றான்னு. 12 வயசுல தொடங்கி 35 வரைக்கும் இருக்கறவனத்தான் கேட்டான். 35 தாண்டுனவன் கணக்குலயே இல்ல. இந்த ஆட்டத்த டேவ் ஆர்னசன்கூட சேந்து உண்டாக்குன கேரி கைகாக்ஸுக்கு அப்ப 60 தாண்டியாச்சு. அவரு வந்து நின்னிருந்தாலும், பெரியவரே தள்ளி நில்லுங்கன்னு சொல்லியிருப்பான்.

அந்தக் கணக்குல ஒண்ணு மட்டும் எனக்கு ருசிச்சுது. ஆடுறவன்ல பாதிக்கு மேல 19 தாண்டுனவன். 16ல இருந்து 18 வரைக்கும் ஆட்டம் ஒரு எறக்கம் எறங்குதாம். இதுக்கு அமெரிக்காக்காரன் கணக்கெடுக்கணுமா? அந்த வயசுல நம்ம பையன் மட்டும் வூட்டுல தங்குறானா? ஒண்ணு டியூசன், இல்லன்னா பைக்கு.

வயசையும் துட்டையும் சேத்துப் பாரு தம்பி, கூத்து வெளங்கும். பள்ளிக்கூடத்துப் பையனுக்கு நேரம் கெடக்கு, துட்டு இல்ல. ஒரே பொஸ்தகத்த அஞ்சு பேரு கிழிய கிழியப் படிச்சிக்கினு விடிய விடிய ஆடுவான். வேலைக்குப் போனவனுக்குத் துட்டு வருது, நேரம் போவுது. அப்ப இன்னா பண்றான்? ஆடாத ஆட்டத்துக்கு வாங்கிக் குவிக்கிறான். வாங்கும்போது ஆடுன மாதிரியே ஒரு சொகம். அலமாரி நெறையுது, மேசையில ஆளக் காணோம். நெலத்தத் தரிசாப் போட்டுட்டு ஏருக்கு வெள்ளிப் பூண் போடுற கதைதான்.

பொஸ்தகமே மூணு. ஆடுறவனுக்கு ஒண்ணு, கத சொல்றவனுக்கு ஒண்ணு, பூதம் பிசாசுக்கு ஒண்ணு. ஒண்ணொண்ணும் 50 டாலரு. மூணும் சேந்தா 12,500 ரூவாய்க்கு மேல வருது. சரி, ஒரு தபா வாங்குனா தீந்துதா? 1989ல ரெண்டாம் பதிப்பு, 2000ல மூணாவது, 2008ல நாலாவது, 2014ல அஞ்சாவது. 2024ல அந்த அஞ்சாவதையே திருத்தி மறுபடியும் வித்தான். நம்ம கூத்து வாத்தியாருக்கு ஒரே பாரதம். வருசத்துக்கு வருசம் துரியோதனன் படுகளத்துல செத்துக்கினுதான் கெடக்கான். புதுப் பதிப்பு எவனாச்சும் கேட்டானா?

அப்பறம் பொம்ம. 2012ல ரீப்பர்னு ஒரு கம்பெனி, விரல் ஒசரப் பிளாஸ்டிக் பொம்ம பண்ணித் தரேன், மொதல்லியே துட்டக் குடுங்கன்னு கேட்டான். 17,744 பேரு 34 லட்சம் டாலருக்கு மேல கொட்டுனாங்க. வந்த பொம்மைக்கு வர்ணமே இல்ல, நீதான் பூசிக்கணும். எத்தினி பூசுன? அட, சொல்லு. இந்தப் பக்கம் நம்ம சர்க்காரு வெளிநாட்டுப் பொம்மைக்கு 20 சதவீதமா இருந்த சுங்கத்த 2020ல 60 ஆக்குனாங்க, 2023ல 70 ஆக்குனாங்க. சுண்டைக்கா கால் பணம், சொமகூலி முக்கால் பணம். நீ இன்னா பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா வூட்டுப் புள்ளயா, மாசாமாசம் பிரான்சுல இருந்து பென்சன் வர்றதுக்கு?

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கலாம். காயி உருட்ட ஒரு கோபுரம் விக்கிறானாமே! மேல போட்டா உள்ள தட்டித் தட்டிக் கீழ வந்து விழுமாம். ஏன்டா, கடவுள் குடுத்த கை எதுக்கு இருக்கு? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீ கூடத்தையே காசு குடுத்து வாங்கினு வந்துட்ட.

இவ்ளோ பவுசுக்கும் அடி மூலம் இன்னா தெரியுமா? கைகாக்ஸு இன்சூரன்ஸ் கம்பெனி வேல போயி, வூட்டு நெலவறையில செருப்பு தெச்சிக்கினு இருந்தவரு. 1974ல 1,000 டப்பா அச்சடிச்சாங்க. மூணு சின்னப் பொஸ்தகம், வெல 10 டாலரு. அப்ப டாலரு எட்டு ரூவா சொச்சம். டப்பாவுல காயி கூட இல்ல. இருவது மொகக் காயி எங்க கெடச்சுதுன்ற? பள்ளிக்கூடத்துக் கணக்குப் பாடத்துக்கு விக்கிறவன்கிட்ட. பின்னாடி 1979 வாக்குல காயிக்குப் பஞ்சம் வந்துச்சு. டப்பாவுல நம்பர் போட்ட அட்டையத்தான் வெச்சு வித்தான். வெட்டிக் கிண்ணத்துல போட்டுக் குலுக்கி எடுத்து ஆடுனானுங்க. நம்ம ஆயா புளியங்கொட்டையத் தேச்சுத் தாயம் போடல? தாயம் உழாமப் போச்சா?

இன்னொரு சங்கதி. ஆட்டத்தோட அடிப்படை விதியெல்லாம் விஸார்ட்ஸ் கம்பெனியே சும்மாவே குடுக்குது. 2023 ஜனவரில அந்த விதிய மத்தவங்க எடுத்துக்கறதுக்கான பழைய உரிமத்த மாத்தப் போயி, ஆடுறவங்க கூச்சல் போட்டாங்க. அந்த மாசமே அடிப்படை விதிய யாரு வேணாலும் எடுத்துக்கலாம்னு பொதுவுல உட்டுட்டான். சும்மாக் கெடைக்கிறத எவன் மதிக்கிறான்? தோல் அட்ட போட்டு, பொன் எழுத்து அடிச்சு, எண்ணி வித்தாத்தான் உனக்கு இனிக்குது.

தம்பி, வாங்க முடியாத சாமான் இதுல ஒண்ணே ஒண்ணு. ஞாயித்துக்கெழம சாயங்காலம் செல்போன ஓரமா வெச்சிட்டு வந்து குந்துற நாலு ஆளு. முப்பது வயசுக்கு மேல அத எந்தக் கடையில தேடுவ? அதனால வெல்வெட்டுப் பைய மடிச்சி உள்ள வெய்யி. கரிக்கலாம்பாக்கத்துக்காரனுக்கும் வில்லியனூர்க்காரனுக்கும் போனப் போடு. புளியங்கொட்ட நான் தேச்சுத் தரேன். கத சொல்ல ஆளு இல்லன்னா அதுக்கும் நான் இருக்கேன், டீ செலவு மட்டும் உன்து.