பழைய எண் கலம்: கிட்டுக்கு மாறியபின் பதிப்பெண் தேடுவது குறித்து வருசநாட்டுப் பட்டா வழி ஓர் ஆய்வு

நிரலின் திருத்த வரலாற்றைக் காக்கும் சப்வெர்ஷன் என்ற கருவியிலிருந்து கிட் என்ற கருவிக்குக் குடிபெயரும் மென்பொருள் குழுக்கள் முதலில் தொலைப்பது பதிப்பெண்ணை. சப்வெர்ஷனில் நடுவே ஒரு சர்வர் உட்கார்ந்து, யார் எதைத் திருத்தினாலும் 1, 2, 3 என எண் போடும். 1000-ஐவிட 1001 புதியது, தகராறில்லை. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட்டில் நடு சர்வர் கட்டாயமில்லை, எனவே வரிசை எண்ணும் இல்லை. உள்ளடக்கத்தையும் முந்தைய கமிட்டின் (பதிந்த திருத்தத்தின்) அடையாளத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட 40 எழுத்துக் குறிதான் உண்டு. இரு குறிகளை அருகருகே வைத்தாலும் எது மூத்தது என்று தெரியாது.

இது புதிய சிக்கல் என்பது கணினித் துறையினரின் நம்பிக்கை. இன்றைய தேனி மாவட்டத்தின் வருசநாட்டில் நிலம் வாங்கியவர் சிரிப்பார்.

தரவுகள் வருமாறு. அங்கே முதலில் இருந்தது கண்டமனூர் ஜமீன் கணக்கு. 1948ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன்களை அரசுக் கணக்குக்குக் கொண்டுவந்தது. 1979இல் தொடங்கிய யு.டி.ஆர். என்ற நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் பட்டாக்களைத் திருத்தி எழுதியது. 1996இல் மதுரையிலிருந்து தேனி பிரிய, மாவட்டமே மாறியது. பிறகு எல்லாம் இணையத்துக்கு ஏறியது. கணக்கும் எண்ணும் மாறிக்கொண்டே இருக்க, நிலம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

வருவாய்த்துறை கண்ட தீர்வு எளியது: கிராம நிலங்களைப் பட்டியலிடும் 'அ' பதிவேட்டில் பழைய புல எண்ணுக்கென்று ஒரு கலம். சப்வெர்ஷன் வரலாற்றைக் கிட்டுக்கு மாற்றும் கிட்-எஸ்விஎன் கருவியும் இதையே செய்கிறது. ஒவ்வொரு கமிட் குறிப்பின் அடியிலும் பழைய சப்வெர்ஷன் எண்ணை ஒரு வரியாக எழுதிவிடும். அசிங்கமாக இருக்கிறதென்று அந்த வரியை நீக்கச் சொல்லி மாறிய குழுக்கள், பழைய பிழைப் பதிவுகளில் கிடக்கும் எண்களை எதோடு பொருத்துவதென்று திண்டாடும்.

பத்திர எழுத்தர் இன்னும் ஒருபடி மேல். அவர் சர்வே எண்ணை மட்டும் நம்புவதில்லை. நான்கு எல்லைகளைச் சக்குபந்தியாக விவரித்து, முந்தைய பத்திரமான தாய்ப் பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் சேர்ப்பார். உள்ளடக்கம், முந்தைய கமிட் என்ற கிட்டின் இலக்கணம் இதில் முழுமையாக இருப்பதை ஆய்வுலகம் இதுவரை கவனிக்கவில்லை.

ஆயினும் மனித குலத்துக்கு வரிசை எண் இல்லாமல் இருப்புக்கொள்ளாது. 2020 டிசம்பரில் மூலநிரலைக் கிட்டுக்கு மாற்றிய ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளக் குழு, கமிட்டுகளை எண்ணி, அந்த எண்ணிக்கையை 'n' என்ற ஆங்கில எழுத்தோடு குறியின் முன்னால் ஒட்டியது. எது புதியது என்று மறுபடி தெரிந்தது. ஆனால் எண்ணிக்கை கிளைக்குக் கிளை தனி. ஒரே எண் இரு கிளைகளில் வரலாம். அதனால் கிளையின் பெயரையும் முன்னால் எழுதுகிறார்கள். வெறும் சர்வே எண்ணோடு வருகிறவரிடம் கிராம நிர்வாக அலுவலர் முதலில் கேட்பதும் "எந்தக் கிராமம்?" என்றுதான்.