நாமம் போட்ட வண்டி

எங்கள் தெருவின் நீளம் சுமார் 300 மீட்டர். அதில் ஐந்து வேகத்தடைகள். நங்கநல்லூரில் கோயில்களுக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பவை இவைதான் என்று நினைக்கிறேன். வேகத்தடைக்கென்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் ஓர் இலக்கணமே வகுத்திருக்கிறது: உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், பதமாக ஏறி இறங்கும் வளைவு. எங்கள் தெருவில் இருப்பவை புதுக்கவிதைகள். வீடு கட்டி மிச்சமான சிமெண்டை அவரவர் கேட்டுக்கு எதிரே கொட்டி, அவரவர் மனநிலைக்கேற்ப எழுதியவை. மூன்றாவது தடையில் ஏறும்போது வண்டிக்குள் இருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் "ஆமாம்" என்று தலையாட்டுவோம்.

இந்தத் தெருவில் குடியிருந்துகொண்டு, ஐம்பது வயதுக்கு மேல், துடிப்பான சின்னக் கார் ஒன்று வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தேன்.

இதற்கு அப்பாதான் பொறுப்பு. எனக்குப் பத்து, பதினொரு வயதிருக்கும்போது சோழவரத்துக்கு ரேஸ் பார்க்க அழைத்துப் போனார். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளம் அது. விமானங்கள் போன பிறகு மெட்ராஸ் ரேஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் தலையில் ஈரத்துண்டு, கையில் வேர்க்கடலைப் பொட்டலம். பெரிய வண்டிகள் எல்லாம் திருப்பத்தில் பயபக்தியோடு வேகத்தைக் குறைக்க, தீப்பெட்டி மாதிரி ஒரு சிபானி டால்ஃபின் மட்டும் குறைக்காமல் வந்து, ஒருக்களித்து, திரும்பி, போயே போய்விட்டது. பெங்களூர்க்காரர்கள் செய்த கார். ஃபைபர் உடம்பு, 848 சிசி இன்ஜின். "பாத்தியாடா, பொடிப்பய எப்பிடித் திரும்புறான்!" என்றார் அப்பா. வாழ்நாள் முழுக்க ஆபீசுக்குச் சைக்கிளில் போய்வந்த மனிதர் அவர். அன்றிலிருந்து எனக்குக் கார் என்றால் பொடிப்பயல்தான். ஆனால் வேலைக்குப் போன நாளாக நான் ஓட்டியவை எல்லாம் பொடிப்பயல்களின் சித்தப்பாக்கள். மைலேஜ் உண்டு, ரீசேல் உண்டு, வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாது.

"ஹாட் ஹேட்ச்பேக்னு சொல்வாங்க" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் ஆரம்பித்தேன்.

"இருக்கிற வண்டியிலயே ஏசி வேலை செய்யல. இதுல ஹாட் வேறயா?"

விளக்கினேன். ஹேட்ச்பேக் என்றால் டிக்கி தனியாக நீட்டிக்கொண்டிருக்காமல் பின்கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கிற சின்னக் கார். அந்தச் சாது உடம்புக்குள் கொஞ்சம் முரட்டு இன்ஜினை வைத்துவிட்டால் அது ஹாட். இந்தக் காலத்தில் அதை டர்போ வைத்துச் செய்கிறார்கள். எரிந்து வெளியேறும் புகை சும்மா போகாமல், போகிற வழியில் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிடும். அதோடு கோத்த இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும்; சின்ன இன்ஜின் பெரிய இன்ஜினின் வேலையைப் பார்க்கும்.

"மீந்த இட்லிய உதிர்த்து உப்புமா பண்றோமே, அது மாதிரி" என்றாள்.

அது மாதிரியேதான். நான் நாலு செமஸ்டர் படித்துப் புரிந்துகொண்டது.

இந்த ஜாதிக் கார்களில் முதல் மரியாதை வோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐக்குத்தான் என்பது பொதுக்கருத்து. 1975இல் ஃபிராங்ஃபர்ட்டில் காட்டினார்கள், 1976இல் விற்பனைக்கு வந்தது. 110 குதிரைத்திறன். 5,000 வண்டி போனால் போதும் என்று கணக்குப் போட்டார்கள். முதல் தலைமுறை மட்டும் நாலரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதன் கட்டம் போட்ட சீட்டையும், கோல்ஃப் பந்து மாதிரியான கியர் குமிழையும் வடிவமைத்தவர் குன்ஹில்ட் லில்யெக்விஸ்ட் என்ற பெண்மணி. நம் ஊர் லுங்கிக் கட்டத்தை ஜெர்மன்காரர்கள் காருக்குள் வைத்துக் கௌரவித்திருக்கிறார்கள் என்று எனக்கு ஓர் அற்பப் பெருமை. அதன் இன்றைய வாரிசு 2025இல் நம் நாட்டுக்கு இறக்குமதியாக வந்தது. அப்போது விலை சுமார் 53 லட்சம். அந்தப் பணத்துக்கு எங்கள் தெருவின் ஐந்து வேகத்தடைகளையும் எடுத்துவிட்டு ரோடே புதிதாகப் போடலாம்.

நம் பட்ஜெட்டில் தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, நான் ஆசைப்பட்டதெல்லாம் போய்ச் சேர்ந்தவர்களின் பட்டியல் என்று. 2015இல் வந்த அபார்த் புன்டோ, 145 குதிரைத்திறன், பத்து லட்சத்துக்குள். போய்விட்டது. பலேனோ ஆர்எஸ், போய்விட்டது. நம் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடாவோடு கைகோத்து 2018இல் கொண்டுவந்த டியாகோ ஜேடிபி, 114 குதிரைத்திறன். நம்ம ஊர் கை பட்டது என்பதால் அதன் மேல் எனக்குத் தனிப் பாசம். அதுவும் இரண்டே வருஷம். வோக்ஸ்வாகன் போலோ 2022இல் விடைபெற்றது. அதில் ஜிடிஐ என்று 1.8 லிட்டர், 192 குதிரைத்திறன், மொத்தம் 99 வண்டிதான் நாட்டுக்குள் வந்தது. அதற்கு முன்பக்கம் இரண்டே கதவு. பின்சீட்டுக்கு முன்சீட்டை மடக்கி நுழைய வேண்டும். என் அம்மாவை அப்படி நுழைத்துப் பார்ப்பதைக் கற்பனையில்கூட நான் முயலவில்லை.

ஏன் எல்லாம் போயின? ஜனங்கள் உயரமான வண்டிக்கு மாறிவிட்டார்கள், அவ்வளவுதான். மழை பெய்தால் பழவந்தாங்கல் சப்வே குளமாகிற ஊரில் அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

சரி, போனவர்களில் ஒருவரைச் செகண்ட் ஹேண்டில் பிடிப்போம் என்று ஒரு புரோக்கரைப் பார்த்தேன். "டாக்டர் வண்டி சார். வீடு, ஆஸ்பத்திரி, வேற எங்கயும் போனதில்ல." தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் பழைய கார்கள் எல்லாமே டாக்டர்கள் ஓட்டியவை. ஸ்டார்ட் செய்தார். தெரு நாய்கள் எழுந்து நின்றன. சைலென்சர் இருந்த இடத்தில் குடிநீர் வாரியக் குழாய் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பின்கண்ணாடியில் ஒரு மண்டையோடு. நாலு டயரும் உள்பக்கம் மட்டும் வழுக்கை. "டாக்டர் எந்த டிபார்ட்மென்ட்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "எமர்ஜென்சி சார்" என்றார். அந்தப் பதிலுக்காகவே வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை.

மேல்வீட்டு ரயில்வே சாருக்கு விஷயம் எட்டிவிட்டது. ரிட்டயர்டு ஆள், அக்கவுண்ட்ஸ். எந்த வண்டியைப் பற்றிச் சொன்னாலும் ஒரே கேள்வி: "எவ்வளவு குடுக்கும்?" கார் பெட்ரோலைக் குடிக்கிற பிராணி, ஆனால் நாம் எப்போதும் "லிட்டருக்கு எவ்வளவு குடுக்குது" என்றுதான் கேட்போம், மாட்டைக் கேட்கிற மாதிரி. நான் தேடுகிற வண்டி கொடுக்கிற ரகம் இல்லை, வாங்குகிற ரகம் என்று எப்படிச் சொல்வது? "சுமாரா குடுக்கும் சார்" என்றேன். அனுதாபத்தோடு பார்த்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பூஜ்யத்திலிருந்து நூறை எத்தனை விநாடியில் தொடும் என்றுதான் இந்தக் கார்களைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். சென்னைக்குள் காருக்கு உச்ச வேகம் 60, குடியிருப்புத் தெருவில் 30. எனக்கு அந்த நூறு தேவைப்படுவது வருஷத்தில் இரண்டு முறை, அதுவும் திண்டிவனம் பக்கம். தினமும் தேவைப்படுவது இருபதிலிருந்து ஐம்பது. அதாவது இரண்டாவது கியர். சிக்னல் விழுந்து, முன்னால் நிற்கிற ஷேர் ஆட்டோ எந்தப் பக்கம் போவதென்று முடிவெடுப்பதற்குள் நாம் நழுவிவிட வேண்டும். யூ-டர்னில் ஒரே ஒடிப்பில் திரும்ப வேண்டும். நங்கநல்லூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் வரை ஓட்டுகிறவனுக்கு வேகம் என்பது இதுதான்.

மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா என்று ஒரு பட்டிமன்றம் எனக்குள்ளேயே நடந்தது. ஒரு நாள் காலை கிளட்சை எத்தனை தடவை மிதிக்கிறேன் என்று எண்ணிக்கொண்டே போனேன். வடபழனி தாண்டுவதற்குள் 140. அதற்கு மேல் மெட்ரோ வேலைத் தடுப்புகள் வந்து கணக்கு குழம்பிவிட்டது. இடது முழங்கால் ஆட்டோமேட்டிக்குக்கு ஓட்டுப் போட்டது. ஆனால் கியரை நாமே மாற்றாவிட்டால் பொடிப்பயலை மேய்க்கிற சுகம் ஏது? முழங்காலுக்கு வேறு வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்று தீர்ப்பு எழுதினேன்.

கடைசியில் இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று, இருங்காட்டுக்கோட்டையில் பிறக்கும் ஹூண்டாய் ஐ20 என் லைன், 1 லிட்டர் டர்போ. சோழவரத்துக்குப் பிறகு ரேஸ் டிராக் வந்த ஊரும் அதேதான் என்பதால் மனசு அந்தப் பக்கம் சாய்ந்தது. இன்னொன்று, 2024 ஜூனில் வந்த டாடா ஆல்ட்ராஸ் ரேசர், 1.2 லிட்டர் டர்போ. இரண்டும் 120 குதிரைத்திறன். ஐரோப்பாக்காரன் பார்த்தால் இதை ஹாட் என்று ஒப்புக்கொள்ள மாட்டான், ஆறின காபி என்பான். நமக்கு இந்தச் சூடு போதும், நாக்கு வெந்துவிடக் கூடாது.

தீர்ப்பு சொன்னது என் அம்மா. இன்னும் சரியாகச் சொன்னால், அம்மாவின் வலது முழங்கால்.

அம்மா காரில் ஏறுவது ஒரு சடங்கு. முதலில் கைப்பையை உள்ளே அனுப்புவார். பிறகு புடவைக் கொசுவத்தை இடது கையில் சேர்த்துப் பிடித்து, வண்டிக்கு முதுகைக் காட்டி நின்று, "பெருமாளே" என்று சீட்டில் விழுவார். அதற்குப் பிறகுதான் பிரச்சினை. இடது கால் வந்துவிடும். வலது கால் மடங்காது. கதவு பாதிதான் திறந்திருந்தால் அந்தக் கால் வெளியிலேயே நின்று, உள்ளே வர மறுக்கும் சின்னக் குழந்தை மாதிரி அடம்பிடிக்கும். நான் குனிந்து, கணுக்காலைப் பிடித்து, கதவுக்கும் சீட்டுக்கும் இடையே ஒரு கோணம் கண்டுபிடித்து உள்ளே தள்ளுவேன். ஷோரூமில் ரேசரின் பின்கதவைத் திறந்தேன். திறந்துகொண்டே போனது. ஆல்ட்ராஸின் கதவுகள் 90 டிகிரி திறக்கும்; சுவர் மாதிரி நேராக நின்றது. அம்மா விழுந்தார், காலை நீட்டியபடியே ஒரு வீச்சு, கால் உள்ளே. நான் குனியக்கூட இல்லை. "இது நல்ல வண்டிடா" என்றார் அம்மா. டர்போ, டார்க், ஆறு கியர், எதையும் யாரும் அதற்கு மேல் பேசவில்லை.

ஓட்டிப் பார்க்கக் கத்திப்பாரா மேம்பாலத்துக்குப் போனோம். சென்னை தோசைக்கல் மாதிரி சமதளம். இங்கே ஒரு காருக்கு முழுசாக ஒரு வளைவு கிடைப்பது அந்த மேம்பாலத்தின் சுற்றில்தான். ஸ்டியரிங்கை ஒரு தடவை திருப்பிப் பிடித்தால் போதும், வண்டி கோடு போட்ட மாதிரி சுற்றி இறங்குகிறது. டர்போ விழித்துக்கொள்ள இன்ஜின் 1,750 சுற்றைத் தொட வேண்டும். அது வரை கொட்டாவி விடும், தொட்டதும் முதுகில் ஒரு செல்லத் தட்டு. வேகமானியைப் பார்த்தேன், 45. சோழவரத்து வெயில் அடித்தது. பின்சீட்டில் அம்மா எதுவும் சொல்லவில்லை. கைப்பிடியை மட்டும் இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

விலையில் ஒரு சூட்சுமம். தமிழ்நாட்டில் ஐந்திலிருந்து பத்து லட்சத்துக்குள் இருந்தால் சாலை வரி 13 சதவீதம், பத்தைத் தாண்டினால் இருபது வரை 18. ரேசரின் முதல் ரகம் அப்போது 9.49 லட்சம். அடுத்த ரகத்தில் கூரைக் கண்ணாடி திறக்கும். மே மாதத்துச் சென்னையில் கூரையைத் திறக்க நாமென்ன வடகமா காயவைக்கப் போகிறோம் என்று முதல் ரகத்தையே வாங்கினேன். ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து அப்போது 29 சதவீதம். அடுத்த வருஷம், 2025 செப்டம்பர் 22 முதல், அது 18 ஆகக் குறைந்தது. ரயில்வே சார் பேப்பரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கி வந்து, சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டுப் போனார்.

பூஜை போடும் நாளன்று ஆஞ்சநேயர் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினோம். ரேசரின் பானட் கறுப்பு. அதன் மேல் நெடுக இரண்டு வெள்ளைக் கோடுகள், ரேஸ் கார் லட்சணம். அம்மா முன்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"அட, இவனே நாமம் போட்டுக்கிட்டு வந்திருக்கான்டா! நடுவுலதான் செவப்பக் காணோம்."

சொல்லிவிட்டுக் குங்குமத்தை எடுத்து, இரண்டு வெள்ளைக் கோட்டுக்கும் நடுவில் மேலிருந்து கீழ் வரை ஒற்றை விரலால் இழுத்துவிட்டார். சேல்ஸ் பையன் பதறி, பெயின்ட் வாரண்டியைப் பற்றி ஏதோ சொல்ல வந்தான். ஆஞ்சநேயர் பார்த்துக்கொண்டிருந்ததால் நிறுத்திக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் ரயில்வே சார் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "நாமம் வண்டிக்கா, உங்களுக்கா?" என்றார். பத்து மாதமாக அந்த ஒரு வாக்கியத்தைச் செதுக்கி வைத்திருந்தவர் மாதிரி முகத்தில் அப்படியொரு நிறைவு.

வேகத்தடைகளில் இப்போது நான் கோணலாகத்தான் ஏறுகிறேன், முதலில் இடது சக்கரம், பிறகு வலது, படியேறும் அம்மா மாதிரி. டிக்கியில் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டும், ஒரு அரிசி மூட்டையும் சாதாரணமாக உட்காருகின்றன. ஒரு லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதை நான் யாரிடமும் சொல்வதில்லை. மனைவியிடம் சொல்வது வேறு ஒரு எண்.

ஆனால் போன வாரம் ஒன்று நடந்தது. ஆபீசிலிருந்து மெட்ரோவில் வந்திருந்தேன். வீட்டில் யாரும் இல்லை, வண்டியும் இல்லை. போன் செய்தால், "கறிவேப்பிலை வாங்க வந்தோம்" என்றாள் மனைவி. கறிவேப்பிலைக் கடை எங்கள் தெருமுனையில் இருக்கிறது. முக்கால் மணி நேரம் கழித்து நாமம் போட்ட வண்டி வந்து நின்றது. ஓட்டியது மனைவி. பக்கத்து சீட்டில் அம்மா, பெல்ட் போட்டுக்கொண்டு, தலைமுடி கொஞ்சம் கலைந்து.

"கத்திப்பாரா போனீங்களா?"

மனைவி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கதவை முழுசாகத் திறந்து, வலது காலை முதலில் வெளியே வீசினார்.

"நான்தான்டா இன்னொரு சுத்து போகச் சொன்னேன். பொடிப்பய நல்லாத்தான் திரும்புறான்."

கறிவேப்பிலை வாங்க இரண்டு பேரும் மறந்திருந்தார்கள்.